13-ஆ, 23-ஆ? பெரியவர்களுக்கான நிமோனியா ஊசி

உசிலம்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கு வயது 67, சர்க்கரையும் உண்டு. போன ஐப்பசி மழையில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கி, மதுரைக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். உடம்பு தேறியதும் தடுப்பூசி போடச் சொன்னார் டாக்டர். மெடிக்கலில் போய் நின்றால், "அண்ணே, 13 வேணுமா 23 வேணுமா?" என்கிறார் பையன். 23-க்கு விலையும் குறைவு, எண்ணும் பெரிது, அதையே வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

என்னைக் கேட்டால் முதலில் 13தான். அந்த எண், நிமோனியா வரவைக்கும் நிமோகாக்கஸ் என்ற கிருமியில் எத்தனை வகைக்கு ஊசி காப்பு தரும் என்பதை மட்டும்தான் சொல்கிறது, காப்பு எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வதில்லை. 23-இல் இருப்பது கிருமியின் மேலுறையில் உள்ள மாவுச்சத்து மாதிரியான பொருள் மட்டுமே. உடம்பு அதை எதிர்க்கும், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளாது, சில வருடத்தில் வீரியம் இறங்கிவிடும். 13-இல் அதே பொருளை ஒரு புரதத்தோடு கோத்திருப்பதால் அந்த நினைவு பதிகிறது. 2 வயதுக்குக் கீழே 23 சரியாக வேலை செய்யாது, புரதம் கோத்த ஊசி செய்யும், காரணம் இதேதான்.

நெதர்லாந்தில் 65 வயது தாண்டிய சுமார் 85,000 பேரிடம் 13-ஐச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்தது, அதே வகைகள் ரத்தத்தில் பரவும் கடும் நோய் 75 சதவீதம். 45 என்றால் பாதிகூட இல்லையே என்று தோன்றலாம். அம்மா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சாக இழுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது பெரிய எண்.

அதற்காக 23 வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசைதான் முக்கியம். 13 போட்டு ஒரு வருடம் கழித்து 23, எதிர்ப்புசக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு 8 வாரத்திலேயே. மாற்றி 23-ஐ முதலில் போட்டால் 13-க்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு ஒரு கிளினிக்கில் எதுவும் விசாரிக்காமல் 23-ஐப் போட்டு அனுப்பிவிட்டார்கள், இன்னும் காத்திருக்கிறார். 13 மாதிரியே புரதம் கோத்த, 20 வகைக்குக் காப்பு தரும் ஊசி கிடைத்து, கையில் காசும் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை, ஒரே தடவையோடு முடிந்தது.

ஃப்ளூ ஊசி இதற்கு மாற்று கிடையாது. அது வருடாவருடம் தனியாகப் போடுவது, ஃப்ளூவுக்குப் பின்னால் வரும் நிமோனியாவையும் குறைக்கும்.

பேரப்பிள்ளைகளுக்கு நிமோனியா ஊசிக்குச் செலவே இல்லை. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனால் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தடவை வலது தொடையில் இலவசமாகப் போடுகிறார்கள்.

அம்மாவுக்கு 13 போட்டாயிற்று. கை இரண்டு நாள் வலித்தது, லேசாகக் காய்ச்சல், அவ்வளவுதான். அடுத்த ஊசிக்கான தேதியைச் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.