கார் ஷெட் பட்டறைக்கு வெளிச்சம்: மடக்கு பல்பா, ஹை பே விளக்கா, பேட்டனா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு கார் நிற்கும் அளவுள்ள ஷெட்டைப் பட்டறையாக்க நான்கடி எல்.இ.டி. பேட்டன் (டியூப் லைட் போல நீளமாக, பட்டியும் விளக்கும் ஒன்றாகவே வருவது) ஆறு வேண்டும். அவற்றை இரண்டு வரிசையாக மாட்டி, வேலை மேசைக்கு மேலே தனியாக இன்னொன்று போடுங்கள். கடையில் கிடைக்கும் மற்ற வகைகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஓரிடத்தில் உதவும். ஆனால் முழு ஷெட்டையும் நம்பி ஒப்படைக்கக்கூடியது பேட்டன்தான்.

ஏன் ஆறு? ஷெட் 3 மீட்டருக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 18 சதுர மீட்டர். விளக்கு வெளியிடும் ஒளியின் அளவு லூமன்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். சாதாரண இயந்திர வேலைக்கு மேசை மட்டத்தில் 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். நுணுக்கமான வேலைக்கு 500 லக்ஸுக்குக் குறையக் கூடாது. 300ஐ 18ஆல் பெருக்கினால் 5,400 லூமன். ஆனால் விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி முழுவதும் மேசைக்கு வந்து சேராது. சுவரும் கூரையும் ஒரு பங்கை விழுங்கிவிடும். வெள்ளை அடித்த ஷெட்டில்கூடப் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். தூசியும் விளக்கின் வயதும் சேர்ந்து இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். 0.55ஐ 0.8ஆல் பெருக்கினால் 0.44, 5,400ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 12,300 லூமன். 20 வாட் பேட்டன் ஒன்று 2,000 லூமன் தரும். ஆறு போட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது. சுவர் சிமென்ட் நிறத்திலோ கூரை கரிபடிந்தோ இருந்தால் ஆறு போதாது. அந்த நிலையில் ஏழாவது, எட்டாவது பேட்டனை வாங்கும் முன் இரண்டு கோட் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். வயதான கண்ணுக்கு இந்தக் கணக்கைத் தாராளமாகவே கூட்டிக்கொள்ள வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

இதே 12,000 லூமனை ஒரே விளக்கில் வாங்கலாமே என்று தோன்றும். வட்டத் தட்டு வடிவ ஹை பே விளக்கு அதைத்தான் செய்கிறது: 100 வாட்டுக்கு 12,000, 13,000 லூமன். நன்றாகச் செய்யப்பட்ட பொருள்தான்; உடல் முழுக்க அலுமினியம் என்பதால் சூடு சீராக வெளியேறும், உழைப்பும் அதிகம். ஆனால் அது ஆறு மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கிடங்குகளுக்கானது. 2.7 மீட்டர் உயர ஷெட்டில் மாட்டினால் நிமிரும்போதெல்லாம் கண் கூசும். அதைவிட மோசம் நிழல். ஒளி ஒரே இடத்திலிருந்து வருவதால் மேசைப் பக்கம் திரும்பியதும் உங்கள் தலையும் தோளும் கத்திபோல் கூரான நிழலைக் குறித்த கோட்டின் மேலேயே போடும். லக்ஸ் மீட்டர் நல்ல எண் காட்டும், வேலை ஓடாது. தாழ்ந்த கூரைக்கு இதை வாங்க வேண்டாம்.

மூன்று, நான்கு இறக்கைகளை விரித்து மடக்கும் பல்பு இப்போது பரவலாக விற்கிறது. இருக்கும் ஹோல்டரில் திருகினால் போதும், வயரிங் வேலை இல்லை, இறக்கையைச் சாய்த்து மூலைக்கு ஒளி அனுப்பலாம். வாடகை வீட்டுக்கு வசதியான தற்காலிக ஏற்பாடு. ஆனால் பெட்டியில் போடும் எண்களை நம்பிவிடாதீர்கள். 60 வாட்டுக்கு 15,000 லூமன் என்று அச்சிட்டிருந்தால் ஒரு வாட்டுக்கு 250 லூமன் ஆகிறது. வீட்டு உபயோகத்துக்கு வரும் நல்ல எல்.இ.டி. விளக்கே 100 முதல் 120 வரைதான் தரும். இன்னொரு சிக்கல் எடையும் சூடும். அலுமினிய இறக்கை கொண்ட பல்பு கனமானது. பழைய பிளாஸ்டிக் ஹோல்டர் மாதக்கணக்கில் சூடேறி, இளகி, உள்ளே தொடர்பு தளர்ந்து பொறி தட்ட ஆரம்பிக்கும். பீங்கான் ஹோல்டர், அதுவும் கூரையில் திருகாணியால் இறுக்கியது இருந்தால் மட்டும் மாட்டுங்கள். வயரில் தொங்கும் ஹோல்டரில் ஒருபோதும் வேண்டாம்.

பழைய டியூப் லைட் பட்டிகள் ஏற்கெனவே இருந்தால், அவற்றுக்குள் எல்.இ.டி. டியூப் போடுவது செலவு குறைந்த வழி. இங்கே டியூபின் வகையைப் பார்க்காமல் வாங்குவதுதான் ஆபத்து. ஒரு வகை, பழைய சோக்கோடு வேலை செய்யும். ஸ்டார்ட்டரை மட்டும் கழற்றிவிட்டு, டியூபோடு வரும் போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். மற்றொரு வகைக்குச் சோக்கை நீக்கி மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்க வேண்டும். அதிலும் சிலவற்றுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையில். சிலவற்றுக்கு முனைக்கு ஒன்று. முனைக்கு ஒன்று என்ற வகையில், ஒரு முனையைச் செருகியதுமே கையில் இருக்கும் மறுமுனைப் பின்னில் மின்சாரம் வரலாம். மெயின் சுவிட்சை அணைக்காமல் டியூபைத் தொடாதீர்கள். வயரிங்கை மாற்றினால் பட்டியின் மேல் "சோக்கு இல்லை, எல்.இ.டி. மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள். நாளை வேறொருவர் பழைய குழல் டியூபைக் கொண்டுவந்து மாட்டக்கூடும்.

புதிதாக வாங்குவதென்றால் எல்லாம் சேர்ந்த பேட்டனே சிறந்தது. வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பாருங்கள். பால்வெள்ளை மூடி வேண்டும், எல்.இ.டி. புள்ளிகள் வெறுமனே தெரியும் பேட்டன், பளபளப்பான இரும்பிலும் கார் பெயின்ட்டிலும் பட்டுக் கண்ணைக் குத்தும். உடல் அலுமினியமாக இருப்பது நல்லது. முழுக்கப் பிளாஸ்டிக்கானால் சூடு உள்ளேயே தங்கி, முதலில் போவது டிரைவர்தான், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சுற்று. டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். தகர ஷீட் கூரையில் பேட்டனை ஒட்டி மாட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். சிறு சங்கிலியில் 15, 20 சென்டிமீட்டர் இறக்கித் தொங்கவிடுங்கள்.

டிரைவரின் தரத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு, அது சிமிட்டல். மலிவான பேட்டன்களில் தனி டிரைவர் இருக்காது, எல்.இ.டி. பதித்த பலகையிலேயே இரண்டு சிறு சிப்களை வைத்து முடித்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் லேத்தில் பொருளைக் கவ்விச் சுழலும் நான்கு ஜா (தாடை) சக் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், விநாடிக்கு 25 சுற்று, நான்கு ஜாவுக்கு 100. ஒவ்வொரு ஒளித் துடிப்பிலும் ஒரு ஜா முந்தைய ஜா நின்ற இடத்திலேயே நிற்கும். சக் ஓடவில்லை என்று கண் சொல்லும். மூன்று ஜா சக்கில் 2,000 சுற்றில் இதே ஏமாற்று நடக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு ஜாவுக்கு இது 1,800 சுற்று. பழைய தொழிற்சாலைகளில் பக்கத்துப் பக்கத்து டியூப் லைட்டுகளை மூன்று ஃபேஸ்களில் பிரித்துக் கொடுத்ததன் நோக்கமும் இந்த மாயத்தோற்றத்தைத் தடுப்பதே. சுழலும் இயந்திரம் எது இருந்தாலும் சிமிட்டும் விளக்கை அந்த ஷெட்டில் போடாதீர்கள். சோதிப்பது எளிது: விளக்கை எரியவிட்டு, பளபளப்பான கம்பி ஒன்றை அதன் அடியில் வேகமாக அசையுங்கள். ஒரே இழுப்பாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிக் கம்பிகளாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொபைல் கேமராவின் ஸ்லோ மோஷனில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதும், ஒளி துடிப்பதும் அதே அடையாளம்.

ஒளியின் நிறத்துக்கு 4,000 முதல் 5,000 கெல்வின் வரை சரி; எண் கூடக் கூட வெள்ளையில் நீலம் தட்டும். 6,500 கெல்வின் பேட்டன்தான் கடையில் அதிகம் கிடைக்கிறது, அதில் வேலை செய்யலாம். ஆனால் நீண்ட நேரம் நின்றால் பலருக்குக் கண் சோர்வு தரும். எதை எடுத்தாலும் எல்லாம் ஒரே கெல்வினாக இருக்கட்டும். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரை போடும் எண்) பொது விளக்குக்கு 80, மேசை விளக்குக்கு 90. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மலிவானவற்றில் சிவப்பு வலுவிழந்து வரும். அதனால்தான் சிவப்பு வயரும் பிரவுன் வயரும், ரெசிஸ்டரின் சிவப்பு ஆரஞ்சு வளையங்களும் ஒன்றுபோல் தெரிகின்றன. விவரத் தாளில் ஆர்9 என்ற, அடர் சிவப்பைக் காட்டும் திறனுக்கான எண் கொடுத்திருந்தால் அது உயர்ந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மாட்டும் இடம் வாங்கும் பொருளளவுக்கு முக்கியம். வரிசைகள் நீளவாக்கில், பக்கச் சுவரிலிருந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி. 60 சென்டிமீட்டர் அகல மேசையைச் சுவரோடு போட்டால் வரிசை மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே வரும்; நிற்பவர் நிழல் வேலையில் விழாது. நடுவில் கார் நின்றாலும் ஒளி இரண்டு பக்கமும் இறங்கும். ஒற்றை நடுவரிசை போட்டால் பெரும்பகுதி கார் கூரைக்குத்தான் போகும். மேலே ஏறி உட்காரும் கதவு என்றால், கதவைத் திறந்து வைத்து அளவெடுங்கள். திறந்த கதவுக்கு மேலே மாட்டிய விளக்கு, கதவு மூடியிருக்கும்போது மட்டுமே பயன்படும்.

ஆறு பேட்டனும் சேர்ந்து 120 வாட், 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைக்கும் வயரோடு வரும் பேட்டன் வசதியானது. எத்தனை வரை இணைக்கலாம் என்று தயாரிப்பாளர் போட்டிருக்கும் எண்ணைத் தாண்டாதீர்கள், அந்த இணைப்பு வயர் மெல்லியது. அலுமினிய உடலுக்கு எர்த் கட்டாயம். விளக்கும் இயந்திரமும் வேறு வேறு எம்.சி.பி.யில் (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சில்) இருக்க வேண்டும். ரம்பம் சிக்கி டிரிப் ஆகும் நொடியில் விளக்கும் அணைந்தால், பல் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, நீங்கள் இருட்டில் நிற்பீர்கள்.

மேசைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கும் ஏழாவது பேட்டன் அங்கே 500 லக்ஸைத் தாண்ட வைக்கும். அலமாரியின் அடிப்பக்கம் என்றால் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் சரிதான், அலுமினிய சேனலுக்குள் போட்டால். வெறும் பசையில் ஒட்டியது சூட்டில் உரிந்து விழும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஐந்து மீட்டரைத் தாண்டினால் கடைசியில் மங்கும். 24 வோல்ட் வாங்குங்கள். லேத்துக்கும் டிரில்லுக்கும் வளையும் கழுத்துள்ள விளக்கு தனியாக வேண்டும்.

மர வேலை செய்பவர் ஐபி65 பேட்டன் எடுக்கலாம். தூள் உள்ளே போகாது, ஈரத்துணியால் துடைக்கலாம். இரும்பு வேலைக்கு இது தேவையில்லை என்று சொல்ல முடியாது, கிரைண்டர் தூள் மின்சாரம் கடத்தும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஆகவே கூரை விளக்கைவிடக் கவனம் வேண்டியது, கார் அடியில் வைக்கும் கை விளக்கின் மேல்தான். பெட்ரோல் டேங்க், பைப் வேலையில் ஒயர் போட்ட சாதாரண கை விளக்கைக் கீழே வைக்கவே கூடாது.

அசைவு உணரும் சென்சார் வைத்த பேட்டன் வாசலுக்கு நன்று, பட்டறைக்கு ஆகாது. கார் அடியில் படுத்திருப்பவரும், மேசையில் குனிந்து சால்டர் வைப்பவரும் அதற்கு இல்லாதவர்கள். வேலை நடுவில் அணைந்துவிடும். அதற்குக் கொடுக்கும் காசில், ஏழில் ஒன்றை உள்ளே பேட்டரி உள்ளதாக வாங்கி இயந்திரத்துக்கு அருகே மாட்டுங்கள். மின்சாரம் போனாலும் சக்கரம் நிற்கும் வரை அது எரியும்.