ரைசன் 5 5600ஜி: கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போட ஒரு வழி

குறைந்த செலவில் வீட்டிலேயே கேமிங் கணினி அமைக்க விரும்புவோரின் பணத்தில் பெரும்பகுதியை விழுங்குவது கிராபிக்ஸ் கார்டுதான் என்பதால், அதைப் பிறகு வாங்கிக்கொள்ள இடம்தரும் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசஸரைத் தேர்ந்தெடுத்தேன். 2021இல் வெளிவந்த இதில் 6 கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) 12 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்கள்) உள்ளன; திரையில் காட்சிகளை வரையும் வேகா கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்திருக்கிறது; குளிர்விக்கும் விசிறியும் பெட்டியிலேயே வருகிறது.

இந்த கிராபிக்ஸுக்கெனத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ராமையே அது பகிர்ந்துகொள்கிறது. ஆகவே 16 ஜிபி ராமை ஒரே குச்சியாக வாங்காமல், 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கிப் பொருத்தினால்தான் இரட்டைத் தடத்தில் தரவு பாய்ந்து, விளையாட்டு தடுமாறாமல் ஓடும். சென்னை ரிச்சி தெருவில் நான் சென்ற கடைக்காரர் ஒற்றைக் குச்சியையே வற்புறுத்தினார். நல்லவேளையாக நான் இணங்கவில்லை.

வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 1080பியில் (முழு எச்டி தெளிவில்) சரளமாக ஓடுகிறது. சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளை இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

குறையும் உண்டு. உள்ளே கிராபிக்ஸ் இல்லாத ரைசன் 5 5600 பிராசஸரில் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) இருக்க, இதில் 16 எம்பி மட்டுமே, கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பாதையின் வேகமான பதிப்பான பிசிஐஇ 4.0 வசதியும் இல்லை. அதனால், அந்தப் பாதையில் நான்கே தடங்களைப் பயன்படுத்தும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டைப் பின்னாளில் இதனுடன் சேர்த்தால் அதன் வேகம் குறையும். கார்டை இப்போதே வாங்க முடிந்தவர்களுக்கு 5600தான் பொருத்தம். பழைய பி450 மதர்போர்டில் பொருத்துவோர் இந்த பிராசஸரை அது அடையாளம் காணும்படி பயாஸைப் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்திருக்கிறார்களா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும்.