பவர் சப்ளை, டெஸ்டர், ஸ்கோப்: எந்தக் கிட் முதலில்?

அமெரிக்க நிறுவனமான ஹீத்கிட் 1947-ல் விற்ற முதல் மின்னணுக் கிட்டே (நாமே சால்டர் செய்து கூட்டும் பாகத் தொகுப்பு) ஓர் ஆசிலோஸ்கோப்தான், அதாவது சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி. இன்றும் மேசையை விட்டு நகராமல் உழைப்பவை இந்த மாதிரிக் கருவிக் கிட்கள்தான். மினுக்கும் எல்இடி கிட் ஒரு வாரத்தில் டிராயருக்குள் போய்விடும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி கொண்ட பவர் சப்ளை, ஏடிமெகா328 மைக்ரோகன்ட்ரோலர் கொண்டு பாகங்களை அளக்கும் காம்பொனென்ட் டெஸ்டர், டிஎஸ்ஓ138 என்ற ஆசிலோஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்).

பாகங்கள் குறைவு என்றாலும் தப்பு செய்ய அதிக இடம் தருவது பவர் சப்ளை. வெளிவரும் வோல்டேஜ் = 1.25 × (1 + ஆர்2/ஆர்1). ஆர்1 240 ஓம் ரெசிஸ்டர், ஆர்2 5 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) என்றால், உள்ளே 30 வோல்ட் கொடுத்தால் 1.25 முதல் 27 வரை கிடைக்கும். லோடு இல்லாதபோது வோல்டேஜ் தானாக ஏறுகிறதா? பாட் மேல் பழி போடாதீர்கள். சில ஐசிக்கு 10 மில்லிஆம்பியர் வரை ஓடினால்தான் ரெகுலேஷன் (வோல்டேஜை மாறாமல் பிடிப்பது) நிற்கும். 240 ஓம் தருவது 5 மட்டுமே. ஆர்1-ஐ 120 ஓமாகவும் பாட்டை 2.5 கிலோவாகவும் மாற்றினால் சரியாகிவிடும். இன்னொன்று, ஐசியின் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது. மைக்கா தகடு வைக்காமல் எர்த் செய்த பெட்டியில் திருகினால் நேராக ஷார்ட்தான். 15 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, 1 ஆம்பியர் என்றால் 10 வாட் சூடு. ஹீட்சிங்க் இல்லாமல் ஐசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

டெஸ்டரில் சால்டர் வேலை சுலபம். ஆனால் சார்ஜ் இறங்காத கெப்பாசிட்டரைச் சொருகினால் மைக்ரோகன்ட்ரோலரின் கால் போச்சு. முதலில் இரு முனைகளையும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்துவிடுங்கள்.

டிஎஸ்ஓ138-ல் எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சின்ன) பாகங்கள் ஏற்கெனவே ஒட்டி வரும் வகையை வாங்குவதே மேல். நீல நிற ஒரு சதவீத ரெசிஸ்டரின் வளையங்களில் பழுப்பும் சிவப்பும் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொன்றையும் டெஸ்டரில் அளந்தபின் போர்டில் போடுங்கள். 9 வோல்ட் கொடுத்து டிபி22 என்ற சோதனைப் புள்ளியில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பார்த்தபிறகே ஜேபி4 ஜம்பரைச் சால்டரால் இணைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே இணைத்தால் ரெகுலேட்டர் பகுதியின் தப்பு ப்ராசஸர் வரை போய்விடும். பிறகு 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைப் பார்த்தபடி சி4, சி6 டிரிம்மர்களை (திருகி மாற்றும் கெப்பாசிட்டர்கள்) திருப்புங்கள். அலையின் மூலை உருண்டால் ஈடுசெய்தல் போதவில்லை, கொம்பு முளைத்தால் கூடிவிட்டது.

200 கிலோஹெர்ட்ஸ்தான் இதன் எல்லை. ஆடியோவுக்கும் சப்ளை ரிப்பிளுக்கும் (வோல்டேஜில் மிஞ்சும் அலைவு) தாராளம். சிப்கள் வேகமாகப் பேசிக்கொள்ளும் எஸ்பிஐ சிக்னல் பார்க்க உதவாது.

எனவே வரிசை: சப்ளை, டெஸ்டர், ஸ்கோப். ஸ்கோப்புக்கு வேண்டிய 9 வோல்ட்டை அந்த எல்எம்317-லிருந்தே எடுக்கலாம். மலிவான ஸ்விட்சிங் அடாப்டரின் இரைச்சல் திரையில் ஏறாது. உள்ளீடு 50 வோல்ட் பீக் தாண்டக் கூடாது, மெயின்ஸ் பக்கம் ப்ரோபைக் கொண்டுபோகவே வேண்டாம்.