டாக்கிங் ஸ்டேஷன் வாங்கி ஏமாந்தேன்: திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதைப் படியுங்கள்

புத்தகப் பக்கங்களுக்கு மெய்ப்பு பார்ப்பது என் வேலை. ஒரு மானிட்டரில் மூலப்பிரதி, இன்னொன்றில் அச்சுக்குப் போகும் பக்கம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வரி வரியாகப் பார்க்க முடியும். ஒரே கேபிளைச் செருகினால் இரண்டு மானிட்டரும் ஓடும், லேப்டாப்புக்கு சார்ஜும் ஏறும் என்று நம்பி ஆன்லைனில் ஒரு டாக்கிங் ஸ்டேஷன் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: இரண்டு 4கே மானிட்டர், 60 ஹெர்ட்ஸ், யூ.எஸ்.பி. சி உள்ள எந்த லேப்டாப்பிலும் வேலை செய்யும்.

முதல் நாளே எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி கரைந்து அழுக்கு மாதிரி நின்றது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தால் இரண்டு மானிட்டரும் 4கேவை விடத் தெளிவு குறைந்த 1080பியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டால் மற்றது 4கேவுக்கு வந்தது, ஆனால் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படும். மௌஸை நகர்த்தினால் அம்பு தயங்கித் தயங்கி வந்தது.

இரண்டாம் நாள் வேறு ஒன்று ஆரம்பித்தது. வேலை நடுவில் இரண்டு மானிட்டரும் சட்டென்று இருண்டுவிடும். மூன்று நொடி கழித்துத் திரும்பி வரும்போது திறந்து வைத்திருந்த அத்தனை விண்டோவும் லேப்டாப் திரையில் வந்து குவிந்து கிடக்கும். எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்து வைத்து, விட்ட வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அன்று மட்டும் 11 முறை. நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுக்க 10 நாள் அவகாசம். மூன்றாம் நாள் விற்றவர்களுக்கு எழுதினேன். டிரைவரைப் புதுப்பியுங்கள் என்று ஐந்தாம் நாள் பதில் வந்தது. புதுப்பித்தேன், மாற்றமில்லை என்று அன்றே சொன்னேன். லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள் என்றார்கள். அப்புறம் மானிட்டர் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். மாற்றினேன். கடைசியாக, பிரச்சினையை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று ஒன்பதாம் நாள் கேட்டார்கள்.

அதற்குள் நானே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். லேப்டாப்பில் செருகும் கேபிள் அந்த டாக்கிலிருந்து பிரிக்க முடியாதபடி உடம்போடு ஒட்டியே வருகிறது. அது டாக்கை விட்டு வெளியே வரும் கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் படம் வந்தது, விரலை எடுத்தால் போனது. அதையே வீடியோ எடுத்து அனுப்பினேன். இதைவிடத் தெளிவான சாட்சி இருக்க முடியாது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் வந்த பதில்: “கேபிள் வெளிப்புறச் சேதம் அடைந்துள்ளது, இது வாரன்டியில் வராது.” திருப்பிக் கொடுக்கும் நாளும் முடிந்துவிட்டது. நான் அனுப்பிய வீடியோவை வைத்தே என் மேல் பழி போட்டார்கள். இன்றும் அந்த வரியைப் படித்தால் கோபம் வருகிறது.

தெளிவுத்திறன் விஷயத்தில் அவர்கள் சொன்னது என் லேப்டாப்பில் எந்தக் காலத்திலும் நடக்காத காரியம். கணக்கு எளிது. 4கே 60 ஹெர்ட்ஸில் ஒரு மானிட்டருக்கு நொடிக்கு ஏறக்குறைய 12.5 ஜிகாபிட் தரவு போக வேண்டும், இரண்டுக்கு 25. யூ.எஸ்.பி. சி கேபிளுக்குள் அதிவேகப் பாதைகள் நான்கு. இந்த டாக் அதில் இரண்டை யூ.எஸ்.பி. 3 பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைத்தான் படத்துக்குத் தருகிறது. மானிட்டருக்குப் படத்தை அனுப்பும் முறைக்கு டிஸ்ப்ளேபோர்ட் என்று பெயர்; என் லேப்டாப்பில் இருப்பது அதன் 1.2 பதிப்பு. அதில் இரண்டு பாதையில் நொடிக்குப் போவது 8.64 ஜிகாபிட், அவ்வளவுதான். எந்த டிரைவரைப் போட்டாலும் இந்த எண் மாறாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள லேப்டாப்பில் பாதையின் வேகம் ஒன்றரை மடங்கு, இன்னும் வேகமான இணைப்பான தண்டர்போல்ட்டில் நிலைமை வேறு. சில லேப்டாப்களில் யூ.எஸ்.பி. சி வழியாகப் படமே வெளியே வராது. அப்படியிருக்க, “எந்த லேப்டாப்பிலும்” என்று எழுதுவது பச்சைப் பொய். என் லேப்டாப் மாடலை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நடக்காது என்று அன்றே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஒரே கேபிளில் இரண்டு மானிட்டருக்குப் படத்தைப் பிரித்து அனுப்பும் எம்.எஸ்.டி. முறையை மேக் ஏற்காது. இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏரில் வெளி மானிட்டர் ஒன்றுதான் ஓடும். படத்தைச் சுருக்கி சாதாரண யூ.எஸ்.பி. தரவாக அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் இருந்தால் இதைத் தாண்டலாம், ஆனால் அது தனி மென்பொருள் போட்டால்தான் வேலை செய்யும். பெட்டியில் இதெல்லாம் இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களுக்கும் மானிட்டர் விட்டு விட்டுப் போகிறதென்றால் முதலில் டாக்கை ஓரமாக வைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்கு நேரடியாக ஒரு கேபிள் போடுங்கள். நான் இதை மூன்றாம் நாளே செய்திருக்க வேண்டும். நேரடியாகப் போட்டதும் 4கே 60 ஹெர்ட்ஸ் வந்தது, இரண்டு முழு நாள் ஒருமுறைகூட இருளவில்லை. லேப்டாப் மேலும் மானிட்டர் மேலும் பழி இல்லை என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. டாக்குடன் கழற்றும் கேபிள் வந்திருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். ஆனால் போன் சார்ஜ் செய்யும் சி கேபிளைப் போடாதீர்கள், பலவற்றில் அந்த அதிவேகப் பாதைகளே கிடையாது.

இப்போது ஒரு மானிட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளிலும் இன்னொன்றை சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிளிலும் நேரடியாக இணைத்திருக்கிறேன். மேசையில் வயர் கூடுதல், புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. புகாரைக் கட்டணம் செலுத்திய தளத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

புதிதாக டாக் வாங்கி இன்னும் அவகாசம் உள்ளவர்கள் இன்றைக்கே இரண்டு மானிட்டரையும் மாட்டி, டிஸ்ப்ளே செட்டிங்கில் தெரியும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரை இருண்டால் போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுங்கள். அதில் உங்கள் கை கேபிளைத் தொடவே கூடாது.