ஜிஏ4: பழைய ரிப்போர்ட்ட தேடுறத விட்டா நல்ல டூல்தான்

மார்க்கெட்டிங்ல இருக்குற நிறைய பேர் இன்னும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (ஜிஏ4, சைட்டுக்கு யார் வராங்க, என்ன பண்றாங்கன்னு காட்டுற கூகுளோட டூல்) பேர கேட்டாலே மூஞ்ச சுளிக்கிறாங்க. இதுக்கு முந்தின வெர்ஷன் யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 தேதியோட புது டேட்டா எடுக்குறத நிறுத்திருச்சு, அடுத்த வருஷம் பழைய டேட்டாவும் போச்சு, ஆனா "அந்த ரிப்போர்ட் எங்க இருக்கு"ன்னு தேடுற பழக்கம் மட்டும் யாருக்கும் போகல. டெய்லி இதுலயே வேல பாக்குற ஆளா சொல்றேன், நமக்கு என்ன கேள்வின்னு முடிவு பண்ணிட்டு உள்ள போனா இது ரொம்ப நல்லா பதில் சொல்லும், சும்மா மெனுவ சுத்திட்டு இருந்தா தலவலிதான்.

முன்னாடி செஷன் (ஒரு தடவ வந்து போறது), பேஜ்வியூன்னு தனித்தனியா கணக்கு, இப்ப எல்லாமே ஈவன்ட், அதாவது சைட்ல நடக்குற ஒவ்வொண்ணும் ஒரு பதிவு. பேஜ் தொறந்தா ஈவன்ட், 90% கீழ ஸ்க்ரோல் பண்ணா ஈவன்ட், பிடிஎஃப் டவுன்லோட் பண்ணா அதுவும் ஈவன்ட். அதனால பழைய நம்பரையும் புது நம்பரையும் பக்கத்துல வச்சு பாக்கவே கூடாது. பவுன்ஸ் ரேட்டையே, அதாவது சைட்ல ஈடுபடாம போன விசிட்டோட சதவீதத்தையே எடுத்துக்கோங்க, முன்னாடி ஒருத்தர் ஒரு கட்டுரைய அஞ்சு நிமிஷம் உக்காந்து படிச்சிட்டு வேற எதையும் தொடாம போனா அது பவுன்ஸ், இப்ப 10 செகண்டுக்கு மேல இருந்தாலோ ரெண்டு பேஜ் பாத்தாலோ கீ ஈவன்ட் (முக்கியம்னு நாம மார்க் பண்ண ஈவன்ட்) ஏதாவது நடந்தாலோ அது பவுன்ஸ் இல்ல. பேர் ஒண்ணு, கணக்கு வேற. கிளையன்ட்கிட்ட இத மொதல்லயே சொல்லிருங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது வாட்ஸ்அப் பட்டன் மேட்டர். நம்ம ஊர்ல புடவ கடையோ மசாலா பொடி விக்கிறவங்களோ, அவங்க சைட்ல யாரு ஃபார்ம் நிரப்புறா, நேரா வாட்ஸ்அப்தான். அந்த லிங்க் வெளி டொமைனுக்கு போறதால என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் (ஸ்க்ரோல், வெளி லிங்க் கிளிக் மாதிரி விஷயங்கள பதிவு பண்ற செட்டிங்) ஆன்ல இருந்தாலே கிளிக் தானா பதிவாகும். அட்மின்ல போயி, லிங்க் டொமைன் வாட்ஸ்அப்போடதா இருந்தா தனி ஈவன்டா எடுன்னு ஒரு கண்டிஷன் போட்டு அத கீ ஈவன்ட்னு மார்க் பண்ணா போதும், எந்த ஆட்ல இருந்து வந்தவங்க மெசேஜ் பட்டன தட்டுறாங்கன்னு தெரிஞ்சிரும், கோட் ஒரு வரி கூட எழுத வேணாம். ஆனா மார்க் பண்ண நாள்ல இருந்துதான் எண்ணும், அதனால சைட் லைவ் போற அன்னைக்கே பண்ணிருங்க.

அடுத்து ஃபனல் எக்ஸ்ப்ளொரேஷன், அதாவது ஆளுங்க ஸ்டெப் ஸ்டெப்பா எது வரைக்கும் வராங்கன்னு பாக்குற ரிப்போர்ட். ப்ராடக்ட் பாத்தவங்க, கார்ட்ல போட்டவங்க, செக்கவுட் போனவங்க, வாங்கினவங்கன்னு ஸ்டெப் போட்டு டிவைஸ் வாரியா பிரிச்சு பாருங்க, மொபைல்ல எந்த எடத்துல ஆள் கழண்டுக்குறாங்கன்னு பளிச்னு தெரியும். இந்த மாதிரி கஸ்டம் ஃபனல் பழசுல காசு கட்டுற அனலிட்டிக்ஸ் 360 வெர்ஷன்ல மட்டும்தான் இருந்துச்சு, இப்ப ஃப்ரீ.

புடிக்காதது? டேட்டா ரிடென்ஷன் (விவரமான டேட்டாவ எவ்ளோ நாள் வச்சிருக்கும்ங்கறது) டிஃபால்ட்டா 2 மாசம்னு வச்சிருக்கறது சுத்தமா சரியில்ல. எக்ஸ்ப்ளொரேஷன்ல போன தீபாவளியையும் இந்த தீபாவளியையும் ஒப்பிட்டு பாக்கணும்னா 14 மாசத்துக்கு நாமளா மாத்தணும். அப்புறம் டேட்டா முழுசா செட்டில் ஆக 24ல இருந்து 48 மணி நேரம் ஆகும், ஆஃபர் போட்ட அன்னைக்கு சாயங்காலமே முழு ரிப்போர்ட் தரேன்னு யார்கிட்டயும் வாக்கு குடுக்காதீங்க. பிக்குவெரி (கூகுளோட டேட்டா கிடங்கு) லிங்க்கும் இன்னைக்கே போட்டு வைங்க, ஒரு நாளைக்கு 10 லட்சம் ஈவன்ட் வரைக்கும் எக்ஸ்போர்ட் ஆகும், லிங்க் பண்றதுக்கு முந்தின டேட்டா வராது.

எத்தன பேர் வந்தாங்க, எங்கிருந்து வந்தாங்கன்னு மட்டும் போதும்னா இவ்ளோ பெரிய டூல் தேவையே இல்ல, ப்ளாசிபிள் மாதிரி ஒண்ணு காசு கட்டி வாங்குங்க, ஒரே பக்கத்துல எல்லாம் காட்டிரும். கூகுள் ஆட்ஸுக்கு மாசாமாசம் காசு போடுறவங்க மட்டும் ஜிஏ4லயே இருங்க, அந்த வாட்ஸ்அப் கிளிக்க அப்டியே ஆட்ஸுக்கு கன்வர்ஷனா (விளம்பரத்தால கெடச்ச பலனா) அனுப்பி, பிட்டிங்க (விளம்பரத்துக்கு ஏலம் கேக்குறத) அத வச்சு ஓட்டலாம்.