உதை குறைந்த ஏர் ரைஃபிள்: தோப்புக் கொட்டகையில் பல வருச அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்புச் சாளையில் தேங்காய் போட்டு வைக்கும் நீளக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் நானும் மகளும் பல வருசமாக 10 மீட்டர் தூரத்தில் சுட்டுப் பழகுகிறோம். முதலில் குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் ரைஃபிள், இப்போது சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் காற்றழுத்த ரைஃபிள். இரண்டையும் தேய்ந்து போகுமளவு பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பதைத்தான் உதை என்கிறோம். "உதை குறைய என்னங்க வழி?" என்று கேட்பவர்கள் பலர், வெளிநாட்டார் தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்து வீட்டிலேயே நிரப்புவதைப் பார்த்தவர்கள். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மருந்து குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பதும் சரியல்ல. குண்டு பாதிக் குழலில் சிக்கி நிற்கலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடித்துவிடலாம். நம் ஊரில் உதையில்லாமல் சுட நல்ல வழி ஏர் ரைஃபிள்தான். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மேற்போகாத சுடும் ஆற்றலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டியதில்லை. போட்டி ரைஃபிள்களே 7, 8 ஜூல் அளவில்தான் சுடுகின்றன. அதனால் தடித்த ஸ்பிரிங் மாட்டி ஆற்றலைக் கூட்டித் தருகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். உதை ஏறும், குறி கெடும், சட்ட வரம்பும் தாண்டிப் போகும்.

ஸ்பிரிங் ரைஃபிளின் உதை விசித்திரமானது. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் முட்டி நின்றதும் சட்டென முன்னே போகும். பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்த்தால் ஒவ்வொரு சூடும் ஒவ்வொரு இடத்தில் விழும். இடது உள்ளங்கையை விரித்து, கோழிக்குஞ்சை ஏந்துவதுபோல் வைத்து, தோளிலும் லேசாகச் சாய்த்து, அதன் போக்கில் ஆடவிட வேண்டும். "புடிக்காத அம்மிணி, தாங்கு" என்று மகளிடம் சொல்லிச் சொல்லியே அவள் குண்டுகள் ஒன்றுகூட ஆரம்பித்தன.

இந்த இருவழி உதை கட்டையின் திருகுகளைத் தளர்த்தும். சுடும் முன் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவேன். குறி பார்க்கும் தொலைநோக்கியான சாதாரண ரைஃபிள் ஸ்கோப்பும் இதில் சீக்கிரம் கெடும், ஏர் ரைஃபிளுக்கென்று செய்ததே வேண்டும். பெல்லட் போடாமல் சுட்டால் பிஸ்டன் சீல் அடிபடும். காற்றறைக்குள் எண்ணெய் விட்டால் அது எரிந்து வெடிச்சத்தம் எழும். குழல் மடங்கியிருக்கும்போது ஸ்பிரிங் விடுபட்டால் விரல் போய்விடும், அதனால் பெல்லட் வைக்கும்போது ஒரு கை குழலை விடவே கூடாது.

காற்றழுத்த ரைஃபிளில் உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் பிரிவில், நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ.; அந்த நுணுக்கத்துக்கு இந்த அமைதி தேவைதான். ஆனால் கவனம் சிலிண்டருக்கு மாறுகிறது. 200 பார், அதாவது வெளிக்காற்றைப்போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம், சின்ன விசயமல்ல. உலர்ந்த காற்றை மட்டும் நிரப்புங்கள், ஆக்ஸிஜன் ஒருபோதும் கூடாது. சிலிண்டரில் பொறித்த காலாவதித் தேதி முடிந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

குறிக்குப் பின்னால் நேராக வைத்த இரும்புத் தகடு பெல்லட்டைத் திருப்பி அடிக்கும். குண்டைப் பிடிக்கச் சாய்தகடு வைத்த பெட்டியும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவாமல் காப்பித் தம்ளரைத் தொட விடமாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் கதவைச் சாத்திவிட்டே சுடுகிறோம்.

பயிர்க்காட்டில் மயில் தொல்லை, இதை வைத்து விரட்டலாமா என்று பங்காளிகள் கேட்பார்கள். பயிர் போகும் வேதனை எனக்கும் தெரியும். ஆனாலும் 1972 வனவிலங்குச் சட்டம் கடும் பாதுகாப்புத் தரும் முதல் பட்டியலில் உள்ள பறவை அது. அதற்காக ஒருவருக்கும் நான் இதை இரவல் தந்ததில்லை.