சீசன் காலத்தில் மலைச்சரக்கு எங்கே வாங்குவது: நான்கு வழிகளின் ஒப்பீடு

கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையிலும், மறுபடி ஏப்ரல், மே மாதங்களிலும், உதகை, குன்னூர், கொடைக்கானல் கடைவீதிகளில் தேயிலைத்தூளும் தைலமும் சாக்லேட்டும் விற்றுத் தீர்வதற்கு ஈடாக, அதே சரக்கின் பெயரால் செல்பேசித் திரையிலும் வியாபாரம் நடக்கிறது. ஊருக்குத் திரும்புமுன் உறவினர்களுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கமும், மலைக்கு வர முடியாதவர்களின் ஆசை மறுபக்கமும் இருப்பதால், போலி விற்பவர்களுக்கும் அதுவே சீசன். வாங்குபவருக்கு நான்கு வழிகள் உள்ளன: அரசு அல்லது கூட்டுறவு விற்பனை நிலையம், தனியார் கடை, பெரிய இணைய அங்காடி, இன்ஸ்டாகிராம் அல்லது வாட்ஸ்அப் வழியாக விற்கும் தனிநபர். இவற்றை விலையை வைத்து ஒப்பிடுவதைவிட, சரக்கு சரியில்லை என்றால் மறுநாள் யாரிடம் போய்க் கேட்க முடியும் என்பதை வைத்து ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தேயிலைக்கு அரசு, கூட்டுறவுக் கடைகளே முதலிடம் பெறும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டத்திலிருந்து வளர்ந்த டான்டீயும், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை ஒன்றிணைக்கும் இண்ட்கோசர்வும் விற்கும் பாக்கெட்டுகளில், சரக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழுவதில்லை. குறை என்றால், பரிசாகக் கொடுக்கும்படியான பகட்டான பெட்டி அங்கே எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி வாடகைக் கார் கொண்டுபோய் நிறுத்தும் சில கடைகளிலோ பெட்டிக்குக் குறைவில்லை. ஆனால் ஓட்டுநரின் கமிஷனும் அந்த விலைக்குள்தான் அடங்கியிருக்கும். ஏலக்காய், மசாலா, சாக்லேட் என்று வாசனையேற்றிய குருணைத் தூளை அங்கே ‘ஸ்பெஷல் நீலகிரி’ என்று நீட்டுவார்கள். 2008இல் புவிசார் குறியீடு பெற்றது நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை. அது முறுக்கிய இலையாகத் தெரியும், குருணையாக இருக்காது. சாயம் ஏற்றிய தூள் என்று சந்தேகம் வந்தால், வடிதாளில் சிறிது தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் கறை விடாது. சாயத்தூளோ தாளில் கறையை விட்டுச் செல்லும்.

தைலத்தில் இந்த வரிசை மாறுகிறது. சாலையோரத்தில் முத்திரையில்லாப் பாட்டிலில் விற்கும் யூகலிப்டஸ் தைலத்தைவிட, உள்ளூர்க்காரர்கள் வழக்கமாக வாங்கும் மார்க்கெட் கடையே மேல். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும் அச்சிட்ட லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலச் சரக்குக்கு இவை சட்டப்படி கட்டாயம். கடையில் கேட்டால் ஒரு துளியை வெள்ளைத்தாளில் விடச் சம்மதிப்பார்கள். சுத்தமான தைலம் சற்று நேரத்தில் ஆவியாகிவிடும், வேறு எண்ணெய் கலந்ததாக இருந்தால் பிசுக்குக் கறை தங்கிவிடும். டர்பன்டைன் போன்ற ஆவியாகும் கலப்படத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதால், மூக்கையும் கொஞ்சம் நம்ப வேண்டியிருக்கிறது. சாக்லேட்டுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருந்தால் போதும். அதற்கு மேல் அவரவர் நாக்கு.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் படத்தைப் பார்த்து வாங்குவது வீண் வேலை. சமவெளிப் பூண்டும் படத்தில் அப்படியேதான் இருக்கும். பூம்பாறைப் பக்கம் போகிறவர்கள் கையில் எடுத்து முகர்ந்து வாங்குவதே நல்லது.

இணைய அங்காடிக்கு ஒரு பலம் உண்டு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அது விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாலையோரக் கடையில் இந்த உரிமையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த அங்காடியின் செயலிக்குள் இருக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. ‘பண்டிகைச் சலுகை, 90 சதவீதம் தள்ளுபடி’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு அதே பெயரையும் நிறத்தையும் பூசிக்கொண்ட வேறொரு தளத்துக்குக் கொண்டுபோகலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுப்பதும் ஆபத்து, மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணையே அங்கே பதிந்து வைத்திருப்பார்கள். ‘முகவரி தவறு, ஐந்து ரூபாய் கட்டினால் பார்சல் வரும்’ என்ற குறுஞ்செய்தியும் இதே ரகம்தான். அவர்கள் குறிவைப்பது ஐந்து ரூபாயை அல்ல, அட்டை விவரத்தை.

நான்காவது வழியை முழுவதுமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2013இல் குறியீடு பெற்ற தோடர் பூவேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கும் அந்த வேலையைச் செய்யும் பெண்களிடமே வாட்ஸ்அப் வழியாக வாங்கினால், இடைத்தரகர் இல்லாமல் பணம் அவர்களுக்குப் போகும். அவர்களுடைய வேலையின் படத்தைத் திருடிப் பக்கம் தொடங்கி, அச்சடித்த துணியை அனுப்புபவர்களும் உண்டு. அசலைத் தடவினால் நூல் மேடு விரலில் தட்டும். அச்சில் எதுவும் தட்டாது. ஆகவே முன்பணம் முழுவதையும் கேட்பவரிடம், இப்போதே துணியின் பின்புறத்தை வீடியோ அழைப்பில் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் உடனே காட்டுவார்.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, ‘பின்’ (PIN) எனும் ரகசிய எண்ணைப் போடச் சொன்னால், அது கடையாக இருந்தாலும் தனிநபராக இருந்தாலும் மோசடிதான். யூபிஐயில் பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு மணியும் பணம் வேறு கணக்குக்கு நகர்வதற்கான அவகாசமாகிவிடும். சரக்கில்தான் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பில் கேட்பார்கள். கூட்டுறவுக் கடையில் அது தானாகக் கைக்கு வரும், மார்க்கெட்டில் கேட்டு வாங்க வேண்டும், இணைய அங்காடியில் செயலிக்குள்ளேயே இருக்கும், வாட்ஸ்அப் விற்பனையிலோ உரையாடலின் திரைப்பதிவும் பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணும் மட்டுமே கையில் மிஞ்சும்.